உப்பள வெயிலில் எந்த டேப்லெட் தாங்கும்?

மரக்காணம் உப்பளத்தை மேலிருந்து பார்த்திராதவர்கள் இன்றைக்குக் குறைவு. ஒரு பாத்தி வெள்ளை, ஒரு பாத்தி சாம்பல், தண்ணீர் சுண்டிச் சுண்டி இளஞ்சிவப்பு ஏறிய பாத்தி ஒன்று, ஊடே நேர்கோட்டில் வரப்புகள், வரப்போரம் கூம்பு கூம்பாக உப்பு. யூடியூபில் வருகிறது, ரீல்ஸில் வருகிறது, கல்யாண ஆல்பத்தின் அட்டையிலேயே வந்துவிடுகிறது. எல்லாம் ட்ரோன் செய்த வேலை.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கிளியனூர். சம்பந்தர் பதிகம் பெற்ற அகத்தீஸ்வரர் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். கிழக்கே போனால் கழுவெளி ஈரநிலம், வடகிழக்கில் மரக்காணம் உப்பளம், அதற்கப்பால் கடல். தை பிறந்துவிட்டால் கல்யாண சீசன். உப்பளத்திலும் அதையொட்டித்தான் வேலை தொடங்கும். இரண்டும் ஒன்றாக வருவதால் 'அவுட்டோர் ஷூட்' என்றாலே இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு உப்பளம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இவர்களிடம் ட்ரோனைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவது தெரியாது. எத்தனை கிராம், எத்தனை நிமிடம் பறக்கும், 4கே வருமா என்று எல்லாம் சொல்வார்கள். எதைப் பார்த்துப் பறக்கவிடுகிறீர்கள் என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். வீட்டில் கிடந்த டேப்லெட், பையன் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது என்பார்கள். இந்தக் கடற்கரையில் படம் கெடுகிற இடம் அதுதான். வேறு ஊர்களில் டேப்லெட் துணைச் சாமான். உப்பளத்தில் அப்படியில்லை.

டேப்லெட் என்ற கேள்வியே இந்தியாவில் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. முழு ட்ரோனாகவும் கொண்டுவர முடியாது, பிரித்த பாகங்களின் தொகுப்பாகவும் கொண்டுவர முடியாது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அதே ஆண்டு மே மாதம்தான் டிஜேஐ நிறுவனம் மினி 3 ப்ரோ ட்ரோனோடு, திரை பதித்த சிறிய ரிமோட்டான 'டிஜேஐ ஆர்சி'யை வெளியிட்டது. ஐந்தரை அங்குலத் திரை, 700 நிட் வெளிச்சம், தனியாக ஃபோனோ டேப்லெட்டோ வேண்டாம். உலகம் அந்தப் பக்கம் நகர்ந்தது. நம் ஊரில் புழங்குவதோ பெரும்பாலும் தடைக்கு முன் வந்த ட்ரோன்கள். எப்படி வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளாத சிலவும் உண்டு. மினி 2 வைத்திருப்பவருக்குத் திரை ரிமோட் கிடைத்தாலும் பயனில்லை, அந்த மாடலோடு அது இணையாது. அவர் கையில் இருப்பது ஆர்சி-என்1 என்ற சாம்பல் நிற ரிமோட். அதன் தலையில் ஏதாவது ஒரு திரையைச் செருகியாக வேண்டும்.

ஃபோனைச் செருகலாமே என்றால், தாராளமாகச் செருகலாம். ஆனால் இந்தத் தொழிலில் நாற்பதைத் தாண்டியவர்கள் நிறைய. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு, ஆறரை அங்குல ஃபோனின் மூலையில் இருக்கும் பேட்டரி சதவீதமும் உயரமும் தூரமும் தெரிவதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டால் வானத்தில் ட்ரோன் மங்குகிறது, கழற்றினால் எண்கள் மங்குகின்றன. டேப்லெட் தேடிக் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேருக்கு உண்மையான காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பெரிய திரை இருந்தால் கிளையன்ட்டுக்குக் காட்டலாம்' என்பார்கள்.

வெளிச்சம்தான் முதல் கேள்வி

திரையின் வெளிச்சத்தை 'நிட்' என்ற அலகில் சொல்கிறார்கள். சாதாரண டேப்லெட் 350 முதல் 500 நிட் வரை தரும். அறைக்குள் அதுவே கண்ணைக் கூசவைக்கும். உப்பளத்தில் நிலைமை வேறு. உச்சி வெயில் தரையில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சத்தைக் கொட்டுகிறது. அதை வாங்கித் திருப்பியடிக்கும் சுத்தமான உப்புக் குவியல் இருபதாயிரம் நிட்டை ஒட்டி மின்னும். உங்கள் கண் அதற்குப் பழகிச் சுருங்கியிருக்கும். அந்தக் கண்ணை 400 நிட் திரைக்குத் திருப்பினால் கறுப்புப் பலகைதான் தெரியும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, அவர்கள் போட்டிருக்கும் சட்டை. கல்யாண வேலைக்கு வெள்ளைச் சட்டையில் போவது வழக்கம். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டை பத்தாயிரம் நிட்டுக்குக் குறையாமல் ஒளிரும். டேப்லெட்டின் கண்ணாடி அதில் நூற்றுக்கு நாலு பங்கை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். கணக்குப் போடுங்கள், 400 நிட். அதாவது டேப்லெட் காட்டும் படமும் உங்கள் சட்டையின் பிம்பமும் சம பலத்தில் மோதுகின்றன. மணப்பெண் தெரியவேண்டிய இடத்தில் உங்கள் சட்டைப் பொத்தான் தெரிகிறது. கருநீலமோ கறுப்போ போட்டுக்கொண்டு போங்கள். காசு செலவில்லாமல் திரை பாதிக்கு மேல் தெளிந்துவிடும். வியர்க்கும், வேறு வழியில்லை.

வெளிச்சம் குறைந்த திரையால் வரும் பெரிய நஷ்டம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். திரை இருட்டாகத் தெரிவதால் படமே இருட்டாக இருக்கிறது என்று நினைத்து எக்ஸ்போஷரை ஏற்றிவிடுகிறோம். திரையில் அப்போது அழகாகத் தெரியும். கணினியில் போட்டால் உப்பு முழுக்க வெளுத்து, படிகத்தின் நெளிவோ பாத்தியின் கோடுகளோ இல்லாமல் வெறும் காகிதமாக இருக்கும். வெளுத்துப்போன இடத்தில் எந்த எடிட்டரும் எதையும் மீட்க முடியாது. ட்ரோனை இயக்கும் டிஜேஐ ஃப்ளை செயலியில் ஹிஸ்டோகிராமும், அளவுக்கு மீறி வெளுத்த இடத்தில் கோடு போட்டுக் காட்டும் வசதியும் இருக்கின்றன. உப்பளத்தில் அந்த இரண்டையும் போட்டுவைத்து, கண்ணை நம்பாமல் அவற்றை நம்ப வேண்டும். ஆனால் அந்தக் கோடுகளே தெரியாத திரையாக இருந்தால் என்ன செய்வது? அதனால்தான் வெளிச்சத்தை முதலில் வைக்கிறேன்.

எவ்வளவு நிட் இருந்தால் போதும்? திறந்தவெளிக்கென்றே செய்த திரைகளைப் பாருங்கள். டிஜேஐயின் பெரிய ரிமோட்டான ஆர்சி ப்ரோவில் 1,000 நிட். ட்ரோனுக்கென்றே தயாராகும் ட்ரிப்பிள்டெக் போன்ற ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் 1,200 நிட் என்று விளம்பரம் செய்கின்றன; அவை நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆக, ஆயிரம் நிட் இருந்தால் உச்சி வெயிலிலும் வேலை நடக்கும். அறுநூறு எழுநூறு என்றால் திரைக்கு நிழல் தரும் கறுப்பு ஹூட் மாட்டிச் சமாளிக்கலாம். நானூறு என்றால் காலை எட்டரைக்குள், மாலை நாலரைக்குமேல். நல்ல படம் எடுப்பவர்கள் எப்படியும் அந்த நேரத்தில்தான் போவார்கள் என்பது வேறு விஷயம். வரப்பின் நிழல் நீளமாக விழுவது அப்போதுதான்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இருபதாயிரம் ரூபாய் ஃபோன்கள் பலவற்றில் இன்று அமோலெட் திரை இருக்கிறது. வெயிலில் கொண்டுபோனால் அது தானாகவே ஆயிரம் நிட்டை நெருங்கும் அல்லது தாண்டும். அதே விலைக்கு வாங்கும் டேப்லெட்டில் இதில் பாதி வெளிச்சம்கூட இருப்பதில்லை. கண் நன்றாக இருந்து, தனியாகப் பறக்கவிடுபவராக இருந்தால், டேப்லெட் வாங்கும் பணத்தில் ட்ரோனுக்கு இன்னொரு பேட்டரி வாங்குங்கள்.

ரெசல்யூஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள்

கடைக்காரர் 2கே திரை என்பார். மினி 2 ரிமோட்டுக்கு நேரலையாக அனுப்பும் படம் 720பி அளவுதான். மினி 3 ப்ரோ போன்றவை 1080பி அனுப்பும். ட்ரோனில் இருக்கும் மெமரி கார்டில் 4கே பதிவாகலாம், ஆனால் டேப்லெட்டுக்கு வருவது அதுவல்ல. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9-ன் 8.7 அங்குலத் திரை 1340க்கு 800 புள்ளிகள்தான் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். சினிமா பார்ப்பவருக்கு அது குறை. ட்ரோன் ஓட்டுபவருக்கு அந்தப் புள்ளிகளே போதும். அதில் குறை என்றால் வெளிச்சம் மட்டும்தான்.

ப்ராசஸர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வந்துசேரும் வீடியோவை உடனுக்குடன் விரித்துக் காட்டுவது டேப்லெட்டின் வேலை. அது திணறினால் படம் அரை வினாடி, ஒரு வினாடி தாமதமாக வரும். ட்ரோன் வினாடிக்குப் பத்து மீட்டர் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் இருக்கும் பனைமரம் உண்மையில் பத்து மீட்டர் முன்னாலேயே வந்திருக்கும். ராம் 4 ஜிபி குறைந்தபட்சம், 6 இருந்தால் நிம்மதி. உள்சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை.

அதைவிட முக்கியமானது 64-பிட் ஆண்ட்ராய்டு. டிஜேஐ ஃப்ளை 64-பிட்டில் மட்டும் ஓடும். மலிவு டேப்லெட்டுகள் சிலவற்றில் சிப் 64-பிட்டாக இருந்தும், உள்ளே போட்டிருக்கும் ஆண்ட்ராய்டு 32-பிட்டாக இருக்கும். பெட்டியில் இதை அச்சிட்டிருக்க மாட்டார்கள். சிபியு-இசட் மாதிரியான இலவசச் செயலியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய டேப்லெட்டை ஓஎல்எக்ஸில் வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

செயலியும் ப்ளே ஸ்டோரில் கிடையாது. டிஜேஐயின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, 'தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதி' கொடுத்துத்தான் போட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய ஃபைலைத் தொடாதீர்கள். ஒருமுறை எல்லாம் சரியாக வேலை செய்துவிட்டால், ஆண்ட்ராய்டு தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவையுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு புது பதிப்பு ஏறி, காலையில் செயலி திறக்காமல் போனால் பெண் வீட்டாருக்கு விளக்கம் சொல்ல முடியாது. பிள்ளைகளின் விளையாட்டு, வாட்ஸ்அப், பேங்க் செயலி எதுவும் அதில் இருக்கக்கூடாது; ட்ரோனுக்கு மட்டும் அது.

ஜிபிஎஸ் இருக்கிறதா?

'ட்ரோனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே, டேப்லெட்டுக்கு எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. கிளம்பிய இடத்தை ட்ரோன் தன் ஜிபிஎஸ்ஸால் குறித்துக்கொள்கிறது, திரும்பி வர அதுவே போதும். ஆனால் ஆர்சி-என்1 ரிமோட்டுக்குத் தனியாக ஜிபிஎஸ் கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது செருகியிருக்கும் ஃபோனிடமோ டேப்லெட்டிடமோதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

படகு ஏறினால் இதன் அருமை புரியும். மரக்காணம் உப்பங்கழியிலோ கரையோரக் கடலிலோ படகிலிருந்து ட்ரோனை ஏவுகிறீர்கள் என்று வையுங்கள். படகு நகர்ந்துவிட்டது. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் கிளம்பிய புள்ளிக்கே திரும்பும். அங்கே இப்போது தண்ணீர்தான் இருக்கும். ட்ரோன் திரும்ப வேண்டிய 'வீட்டுப் புள்ளியை' நீங்கள் இருக்கும் இடத்துக்கு மாற்றலாம், அதற்கு டேப்லெட்டில் ஜிபிஎஸ் வேண்டும். தரையிலும் அது தேவைப்படும். ஒரே மாதிரி இருக்கும் நூற்றுக்கணக்கான பாத்திகளுக்கு நடுவே ட்ரோன் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று தெரியாமல் திணறும்போது, வரைபடத்தில் நீங்களும் அதுவும் சேர்ந்து தெரிந்தால்தான் வழி கிடைக்கும்.

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ் இருப்பதில்லை. ஆப்பிளின் வைஃபை ஐபேடுகளில் கிடையவே கிடையாது. ஆண்ட்ராய்டில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சிம் போடும் மாடல் வாங்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இரண்டு மூவாயிரம் கூடுதலாகப் போகும், போகட்டும். சிம் இருந்தால் வரைபடமும் அங்கேயே இறங்கும். வைஃபை மாடல் வைத்திருப்பவர்கள் ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுவதும், மறந்துவிட்டுச் சாம்பல் நிற வெற்றுக் கட்டத்தில் ட்ரோனைத் தேடுவதும் வழக்கமான காட்சி.

அப்புறம் காந்தம். மூடித் திறக்கும் டேப்லெட் உறைகளில் மடிப்புக்காகக் காந்தம் வைத்துத் தைத்திருப்பார்கள். அது டேப்லெட்டின் திசைகாட்டியைக் குழப்பும். வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் திசை தப்பும். கடலைப் பார்த்து நிற்கிறீர்கள், திரை நீங்கள் திண்டிவனத்தைப் பார்ப்பதாகச் சொல்லும். உறையைக் காரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

சூடு, உப்பு, காற்று

டேப்லெட் தயாரிப்பாளர்கள் 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மரக்காணத்தில் அந்த 35-ஐக் காலைச் சாப்பாடு முடிவதற்குள் தாண்டிவிடலாம். சூடேறியதும் டேப்லெட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். காசு கொடுத்து வாங்கிய நிட்டெல்லாம் பத்து நிமிடத்தில் காணாமல் போகும். வெளிர் நிற உடல் கொண்டதை வாங்குங்கள். பறக்காத நேரத்தில் நிழலில் வையுங்கள், துண்டால் மூடுங்கள். கார் டாஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். ஆர்சி-என்1 தன் பேட்டரியிலிருந்து டேப்லெட்டுக்கும் மின்சாரம் கொடுக்கும். வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் ரிமோட்டும் நீடிக்கும், சூடும் குறையும்.

உப்பு பற்றி உப்பளத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அளத்தில் இரும்பு எத்தனை நாள் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். டேப்லெட்டில் முதலில் பழுதாகும் இடம் கேபிள் செருகும் யுஎஸ்பி-சி துளை. ஈரக் கடற்காற்றில் உப்புத் துகள் உள்ளே படிந்து முனைகளை அரிக்கும். ஒருநாள் நடுவானில் 'இணைப்புத் துண்டிக்கப்பட்டது' என்று வரும். தண்ணீர் புகாது என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று எழுதியிருந்தால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள், உப்புத் தண்ணீரில் அல்ல. இருந்தாலும் சாம்சங்கின் டேப் எஸ்9 வரிசை, டேப் ஆக்டிவ் வரிசை போன்ற ஐபி68 டேப்லெட்டுகளில் துளையைச் சுற்றி உள்ளே ஈரம் இறங்காது என்பது பெரிய லாபம். எட்டு அங்குல டேப் ஆக்டிவ்5-இல் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம். காலையிலிருந்து மாலைவரை வெளியில் நிற்பவர்களுக்கு அது வசதி. எதை வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துளையை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுவது ஒரு நிமிட வேலை.

கேபிளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டோடு வரும் கேபிள்களில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா கடத்தாது. செயலி ட்ரோனைக் கண்டுபிடிக்கவில்லை என்று புலம்புபவர்களில் எத்தனையோ பேருக்குக் குற்றம் கேபிளில்தான். டேட்டா கேபிள் இரண்டு வாங்கி, ஒன்றைப் பையிலேயே விட்டுவையுங்கள்.

அளவு? ஆர்சி-என்1-இன் பிடி 180 மில்லிமீட்டர் நீளம், 86 மில்லிமீட்டர் அகலம் வரைதான் தாங்கும். எட்டு அங்குல டேப்லெட்டே அதில் நிற்காது. தனியாக ஹோல்டர் மாட்ட வேண்டும். ரிமோட் 390 கிராம், டேப் ஏ9 மாதிரி ஒன்று 330 கிராம், மேலே ஹோல்டர். கழுத்தில் பட்டை மாட்டாமல் அரை மணி நேரம் பிடித்தால் கட்டைவிரல் நடுங்க ஆரம்பிக்கும். நடுங்கும் கட்டைவிரலில் வீடியோவும் நடுங்கும். பதினோரு அங்குலம் என்றால் எடையைவிடக் காற்று பெரிய தொல்லை. பிற்பகல் கடற்காற்று எழும்பிவிட்டால் அந்தப் பலகை பாய்மரமாகி ரிமோட்டையே திருகும். ட்ரைபாடில் மாட்டலாம், ஆனால் மணமக்களோடு வரப்பில் நடந்துகொண்டே படமெடுக்க முடியாது. எட்டு, எட்டே முக்கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காற்றைப் பற்றி இன்னொன்று. கடற்காற்று வீசும்போது முதலில் கடலை நோக்கி, காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆனி, ஆடிக் காலைகளில் மேல்காற்று வீசும். அப்போது இதையே செய்தால் போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது காற்றை எதிர்த்து வர பேட்டரி போதாது. எடுத்ததும் ட்ரோனைத் தலைக்கு மேல் நிறுத்தி, அது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். சாயும் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு வார்த்தை. போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எல்சிடி திரையைப் பார்த்தால், சில கோணங்களில் திரை முழுக்கக் கறுத்துவிடும். டேப்லெட்டைக் குறுக்காகப் பிடித்தால் தெரியாது, நெடுக்காகப் பிடித்தால் தெரியும், சிலவற்றில் நேர்மாறு. ட்ரோன் செயலி எப்போதும் குறுக்காகத்தான் ஓடும். உங்கள் கண்ணாடியோடு கடைக்குப் போய், டேப்லெட்டைக் குறுக்காகப் பிடித்துப் பாருங்கள்.

கல்யாணத்தைத் தாண்டி

டேப்லெட்டைத் தவிர்க்கவே முடியாத வேலை ஒன்று உண்டு, அது நில அளவை. நிலத்தின் மேல் கட்டம் போட்டு, ட்ரோன் எந்த வரிசையில் போக வேண்டும், எத்தனை மீட்டருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று விரலால் வரைந்து கொடுப்பதற்கு ஃபோன் திரை பற்றாது. நம் ஊரில் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்யும் ட்ரோன்கள் பலவும் 'க்யூ கிரவுண்ட் கன்ட்ரோல்' என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடுகின்றன. அது ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் இயங்கும். தமிழ்நாட்டுக்கு இதில் முன்வரலாறு உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக வான்வெளி ஆராய்ச்சி மையத்தின் 'தக்‌ஷா' குழு, கல்யாண வீடியோக்காரர்கள் ட்ரோன் என்ற சொல்லையே கேள்விப்படாத காலத்தில் ஆளில்லா விமானம் செய்துகொண்டிருந்தது. 2022இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கழகத்தையும் தொடங்கியது.

இந்தப் பக்கத்திலேயே இந்த அளவைக்குத் தேவை இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. எந்தப் பாத்தியின் வரப்பு உடைந்தது, எங்கே மண் மூடியது என்று அளத்துக்காரர் நஷ்டக் கணக்குச் சொல்ல வேண்டிய நேரம் அது. புயலுக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டத்தில் எடுத்த இரண்டு வரைபடங்கள் கையில் இருந்தால் வாய்ச் சண்டை குறையும். கிளியனூர், மரக்காணம் பக்கத்து இளைஞர்கள் கல்யாணத்தோடு நிற்காமல் இந்த வேலையையும் கற்றுக்கொள்ளலாம். டேப்லெட் வாங்கிய காசு அதில் வரும்.

ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்டது நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவைக் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி. சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். நானோவுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடிவரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடி. அதைவிட நெருங்கினால் அனுமதி இல்லாமல் எழவே கூடாது. கிளியனூர்க்காரர்களுக்கு இது புதுச்சேரி விமான நிலையத்தால் வரும் கேள்வி. ஆரோவில் மாத்ரிமந்திரைத் தங்கப் பந்தாக மேலிருந்து எடுக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டும், அது விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை டேப்லெட்டிலேயே திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

திருவக்கரைக் கோயிலின் பௌர்ணமிக் கூட்டத்தின் மேல் பறக்கவிடுபவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, விழுந்தால் யார் தலையில் விழும் என்று யோசித்தால் போதும்.

கழுவெளி தனி விஷயம். 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. வனத்துறை அனுமதியில்லாமல் அதற்குள் ட்ரோன் பறக்கக் கூடாது. ஐப்பசியில் வலசை வரும் பறவைகள் பங்குனிவரை இருக்கும். பூநாரைக் கூட்டம் ட்ரோனைப் பருந்தென்று பயந்து மொத்தமாக எழும்பினால் வீடியோ பிரமாதமாக இருக்கும், 'லைக்' குவியும். நெடுந்தூரம் பறந்து வந்த பறவை இரை தின்னாமல் இன்னொரு தடவை எழும்ப வேண்டியிருக்கிறதே என்று அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. உப்பளத்தின் ஓரங்களும் அந்தப் பறவைகள் மேயும் இடம்தான். கூட்டம் தெரிந்தால் ட்ரோனை இறக்கிவிடுங்கள்.

எதை வாங்குவது என்று கடைசியில் கேட்பீர்கள். பட்ஜெட் குறைவு என்றால், டேப் ஏ9 வகையில் சிம் போடும் மாடல். கூடவே மேட் ஸ்க்ரீன் கார்டும் கறுப்பு ஹூட்டும் வாங்கி, காலை மாலை மட்டும் வேலை. பணம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஐபி68 உள்ள எட்டு அங்குலம் தேடுங்கள். பத்து, பதினோரு அங்குலத்தில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். கண் நன்றாக இருந்தால் ஃபோனே போதும் என்பதை மறுபடியும் சொல்கிறேன். எதுவானாலும் திண்டிவனமோ புதுச்சேரியோ கடைக்கு நேரில் போங்கள், பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். ஜிபிஎஸ் சோதிக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டைக் கடை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். திரை தெரிகிறதா, சாட்டிலைட் பிடிக்கிறதா என்று இரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். வாசலுக்குக் கொண்டுபோக விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.